வாசற்படியில் நின்றுபோன குளிர்

(ஸ்ரீமுஷ்ணத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கைக்குழந்தையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, முன்னால் வந்துவிடுங்கள். இன்றைய பேச்சே உங்களுக்குத்தான்.

ஸ்ரீமுஷ்ணத்துக்கு வந்து மேடை ஏறினால் பூவராகசுவாமி கோயிலைப் பற்றிப் பேசலாம், அங்குள்ள நாயக்கர் காலத்துத் தூண் சிற்பங்களைப் பற்றிப் பேசலாம், வீராணத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசலாம். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு ஃபிரிட்ஜ். சிரிக்கிறீர்கள். ஆமாம், வீட்டு ஃபிரிட்ஜ்தான். கல்யாணச் சீரில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே நிற்குமே, அதே ஃபிரிட்ஜ். அதற்கும் பிள்ளைகளின் உடம்புக்கும் என்ன சம்பந்தம்? அதைத்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு புதன்கிழமையை நினைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை என்றால் தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மேல்பக்கம் திறக்கிற ஒரு பெட்டி இருக்கும். உள்சுவரைச் சுற்றிப் பனிக்கட்டி உறைந்து நிற்கும். கரண்ட் போனாலும் பல மணி நேரம் குளிர் விடாது. உள்ளே 2 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, 8 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வெப்பமானியைப் பார்த்து ஏட்டில் எழுதுவார்கள். அங்கிருந்து கிராமத்துக்குப் போகிற மருந்து, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே ஒரு சின்னப் பெட்டியில் போகும். அந்த மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வெளுப்பாக இருந்தால் மருந்து நல்ல மருந்து. சூடு பட்டுப் பட்டுச் சதுரம் கருத்து, வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அடுத்த முறை ஊசிக்குப் போகும்போது, "அந்தச் சதுரத்தைக் கொஞ்சம் காட்டுங்க சிஸ்டர்" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சந்தோஷமாகக் காட்டுவார்கள்.

எதற்கு இத்தனை பாடு? ஒரு பிள்ளையின் வாயில் விழுகிற இரண்டு சொட்டு கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக. அந்த உழைப்புக்குப் பலன் கிடைத்ததா? கிடைத்தது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டு வகைப் போலியோ ஒரு பிள்ளையையும் முடமாக்கவில்லை. 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்த நாடு என்ற சான்று வந்தது. சொட்டு மருந்து கிடங்கிலிருந்து பிள்ளையின் வாய் வரைக்கும் குளிர் விடாமல் வந்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

பாலைப் பாருங்கள். சங்கத்தில் ஊற்றிய பால் 4 டிகிரிக்குக் குளிர்ந்து, லாரி ஏறி, சூடுபடுத்தி, மறுபடி குளிர்ந்து, விடியற்காலையில் நீலப் பாக்கெட்டிலோ பச்சைப் பாக்கெட்டிலோ கடைக்கு வந்துவிடுகிறது. மீனைப் பாருங்கள். கடலூர் துறைமுகத்திலும் கிள்ளைப் பக்கத்திலும் பிடித்த மீன் ஐஸ் உடைத்துப் போட்ட பெட்டியில் நம் தெருமுனைக்கு வந்து நிற்கிறது.

மருந்துக்குக் குளிர் வந்தது. பாலுக்குக் குளிர் வந்தது. மீனுக்குக் குளிர் வந்தது. இத்தனை தூரம் வந்த குளிர் எந்த இடத்தில் நின்றது? வாசற்படியில் நின்றது! கடைசி நாலு அடி உங்கள் பாடு, கடைக்காரர் பாடு, தவணைக்காரர் பாடு என்று விட்டுவிட்டோம். பிள்ளை சாப்பிடுகிற இடமோ அந்த நாலு அடிக்கு உள்ளேதான் இருக்கிறது.

குளிர் என்பது என்றைக்கும் வசதி உள்ளவன் சொத்தாகத்தான் இருந்திருக்கிறது. சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து இறக்கி வைக்க ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி 1842 வாக்கில் கட்டிய கிடங்கு அது. துரைமார் வீட்டு மேஜைக்குப் பனிக்கட்டி போயிற்று. திருவல்லிக்கேணிச் சந்தில் பேதியில் கிடந்த குழந்தைக்குப் போயிற்றா? இன்றைக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நூறு வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்த வீடு நாற்பதுகூட இல்லை.

சரி, இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப் போயிற்று? நம் பாட்டிமார் ஃபிரிட்ஜ் வைத்தா பத்துப் பிள்ளை வளர்த்தார்கள்? இந்தக் கேள்வி எந்த ஊர்க் கூட்டத்திலும் வரும். நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது.

பத்து மாதக் குழந்தை ஒன்று. அம்மா நூறு நாள் வேலைக்கோ நடவுக்கோ போகிறாள். காலை எட்டு மணிக்குப் பருப்பும் சோறும் குழைய வேகவைத்து, ஒரு சொட்டு நெய் விட்டு, கையால் மசித்து, எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு மூடி வைத்துவிட்டுப் போகிறாள். பாட்டி பத்து மணிக்குப் பாதியை ஊட்டுகிறாள். ஊட்டிய விரலும் பிள்ளையின் எச்சிலும் கிண்ணத்துக்குள் போய்விட்டன. மீதியை மூடி வைக்கிறாள். மூன்று மணிக்குப் பிள்ளை அழுகிறது. மீதியை எடுக்கிறாள். முகர்ந்து பார்க்கிறாள். நாற்றம் இல்லை. புளிக்கவில்லை. ஊட்டிவிடுகிறாள்.

அந்தப் பாட்டி மேல் என்ன குற்றம்? ஒன்றும் இல்லை. கெட்ட சோறெல்லாம் நாறாது. சித்திரை மாத வெக்கையில் ஒரு கிருமி இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பிளக்க முடியும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். முதலில் விளையாட்டாகத்தான் தெரியும். ஏழு மணி நேரத்தில் இருபத்தொரு தடவை இரட்டிக்கும். காகிதத்தில் போட்டுப் பாருங்கள், இருபது லட்சத்தைத் தாண்டும். பெரியவர் வயிற்றில் அமிலம் இருக்கிறது, பழக்கம் இருக்கிறது. பத்து மாத வயிற்றுக்கு அது தாங்காது.

"சூடு பண்ணிக் கொடுத்தால்?" கிருமி சாகும். ஆனால் சோற்றில் வளர்கிற பாசில்லஸ் செரியஸ் என்ற கிருமி இருக்கிறதே, அதன் வித்து சோறு வேகும்போதும் சாகாது. சோறு ஆறியதும் முளைக்கும். அது கக்கிவிட்டுப் போகிற ஒரு நஞ்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. கையிலிருந்து வருகிற ஒரு கிருமியின் நஞ்சும் அப்படித்தான். கிருமி செத்தாலும் அது வைத்துவிட்டுப் போன நஞ்சு உணவில் இருக்கும்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்று ஒரு சின்ன நாடு. அங்கே கெனேபா என்ற கிராமத்தில் 1970-களில் மருத்துவ ஆய்வாளர்கள் தாய்மார் காய்ச்சும் கஞ்சியைக் கிண்ணம் கிண்ணமாக எடுத்துச் சோதித்தார்கள். காலையில் காய்ச்சிய கஞ்சி சில மணி நேரம் வீட்டில் கிடந்தபோது கிருமி ஏறுவதை எழுதி வைத்தார்கள். மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். மழைக்காலம் என்றால் அங்கேயும் வயல் வேலைக் காலம். அம்மா வயலில், கஞ்சி வீட்டில். கெனேபாவுக்குப் பதில் காட்டுமன்னார்கோயில் என்று எழுதிக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது.

2015-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டிப் பார்த்தபோது, கெட்ட உணவால் ஆண்டுக்கு அறுபது கோடிப் பேர் நோயில் விழுகிறார்கள் என்று தெரிந்தது. 4,20,000 பேர் சாகிறார்கள். அதில் 1,25,000 பேர் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். சாகாத பிள்ளைகள் தப்பித்தார்களா என்றால், அதுவும் முழு உண்மை இல்லை. ஒரு பேதிக்குப் பிறகு பசி போகும், அடுத்த பேதிக்குள் எடை ஏறாது, ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் இப்படி நாலைந்து தடவை ஆனால் உயரம் நின்றுபோகும். அதே 2019-21 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழே நூற்றுக்கு 25 பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். மருத்துவமனை இத்தனை, சத்துணவு இத்தனை, இருந்தும் நாலில் ஒன்று!

இப்போது பாட்டிக்கு வருகிறேன். பாட்டிமார் ஃபிரிட்ஜ் இல்லாமல் உணவைக் காப்பாற்றினார்களா? காப்பாற்றினார்கள். மகா கெட்டிக்காரத்தனமாகக் காப்பாற்றினார்கள். மாங்காயை உப்பில் ஊறப் போட்டார்கள். மிளகாயை மோரில் ஊறவைத்து மொட்டை மாடியில் காயப் போட்டார்கள். மீனைக் கருவாடாக்கினார்கள், ஆட்டுக்கறியை உப்புக்கண்டம் போட்டார்கள். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பழையதாக்கினார்கள். அது புளிக்கும்போது நல்ல கிருமி வளர்ந்து கெட்ட கிருமியை அமுக்கிவிடும். இந்த ஊர்ப் பெருமாள் கோயில் பிரசாதமான கோரைக்கிழங்கு உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஈரம் இல்லை, ஆகவே கெடுவதற்கு வழியும் இல்லை.

எல்லாம் சரி. இந்தப் பட்டியலில் எட்டு மாதக் குழந்தை சாப்பிடக்கூடியது எது? ஊறுகாயா? கருவாடா? மோர்மிளகாயா? உப்பு, காரம், புளிப்பு, காயவைத்தல் என்ற இந்த நாலு வழியும் பெரியவர்கள் நாக்குக்கு ஏற்ற வழி. பல் முளைக்காத பிள்ளைக்கு ஈரமாக, மெத்தென்று, உப்பில்லாமல் வேண்டும். கிருமிக்கும் அதுதான் வேண்டும்! ஆகவே பாட்டிமார் பிள்ளைச் சோற்றைச் சேமித்து வைக்கவில்லை, வேளைக்கு வேளை புதிதாக வடித்தார்கள். அத்தை ஒருத்தி, சின்னம்மா ஒருத்தி, கல்யாணமாகாத நாத்தனார் ஒருத்தி என்று வீட்டில் நாலு பெண்கள் அதற்கென்றே இருந்தார்கள். பத்துப் பெற்ற பாட்டிக்குத் தங்கியது எத்தனை என்பதையும் வீட்டில் விசாரியுங்கள். நம் ஆட்கள் அதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இன்றைக்கு அந்த நாலு பெண்கள் எங்கே? ஒருத்தி திருப்பூரில், ஒருத்தி சென்னையில், ஒருத்தி நடவில். வீட்டில் மிஞ்சியது மூட்டு வலியோடு ஒரு பாட்டி. வேளைக்கு வேளை வடிக்கிற கை போனபின் அந்த இடத்தில் எதை வைத்தோம்? ஃபிரிட்ஜ் அந்தக் கைக்கு மாற்று. இதை ஆடம்பரம் என்று சொல்கிறவர்களை ஒரு வாரம் பேரப்பிள்ளையோடு தனியாக விட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கோழி வாங்குகிற வீட்டை நினையுங்கள். ஃபிரிட்ஜ் இல்லை. ஆகவே அரைக் கிலோவும் அன்றைக்கே குழம்பாகும், அன்றைக்கே தீரும். பிள்ளைக்கு இரண்டு துண்டு. அடுத்த இறைச்சி அடுத்த ஞாயிறு. நடுவில் ஆறு நாள்? ரசமும் சோறும். அந்த 2019-21 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரைக்குமான பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தால் போதுமா? வேகவைத்த ஈரலை ஒரு சின்ன டப்பாவில் குளிரில் வைத்தால் திங்களும் செவ்வாயும் பிள்ளைக்கு ஒரு கரண்டி கிடைக்கும். ஒரு கட்டுக் கீரை இரண்டு நாளைக்கு வரும். ஃபிரிட்ஜ் புதிதாக ஒரு சத்தையும் உண்டாக்குவதில்லை, ஒரு நாள் சத்தை மூன்று நாளைக்குப் பங்கு போடும். ஏழை வீட்டுக்கு அந்தப் பங்குதான் முக்கியம்.

இவ்வளவு சொன்னதால் நான் ஃபிரிட்ஜ் கம்பெனி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

நியூயார்க்கில் ஒரு காலத்தில் கோடை வந்தால் ஏழை வீட்டுக் கைக்குழந்தைகள் பேதியில் கொத்துக் கொத்தாகச் செத்தன. 1893-ல் நாதன் ஸ்ட்ராஸ் என்ற வணிகர் கிருமி நீக்கிய பாலைக் கொடுக்கும் நிலையங்களைத் திறந்தார். நல்ல பால், நல்ல தண்ணீர், சாக்கடை வசதி என்று ஒவ்வொன்றாக வர, அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்தச் சாவு வெகுவாகக் குறைந்தது. மின்சார ஃபிரிட்ஜ் அமெரிக்க வீடுகளில் பரவியது அதற்கும் பிறகு, 1930-களில். அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்குப் பத்து வீட்டில்கூட இல்லை, 1940-ல் நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆக, சாவைத் தடுத்தது தண்ணீரும் பாலும். ஃபிரிட்ஜ் பின்னால் வந்து செய்தது வேறு வேலை. பாலும் இறைச்சியும் பச்சைக் காயும் வருஷம் முழுக்கச் சாதாரண வீட்டுக்குக் கிடைத்தன, உப்பில் ஊறிய உணவு குறைந்தது. இரைப்பைப் புற்று குறைந்ததில் அதற்கும் பங்கு உண்டு என்று மருத்துவ உலகம் நம்புகிறது.

ஆகவே, கழிப்பறை இல்லாத வீட்டில் ஃபிரிட்ஜ் வாங்கி வைத்தால் பிள்ளை வளரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபிரிட்ஜ் உள்ள வீட்டுப் பிள்ளை கொஞ்சம் உயரமாக இருக்கிறதே என்றால், அந்த வீட்டில் குழாய் இருக்கும், மாதச் சம்பளம் இருக்கும், படித்த தாய் இருப்பாள். எல்லாப் பெருமையையும் பெட்டிக்கே கொடுப்பது நியாயம் இல்லை. ரோட்டா வைரஸால் வரும் பேதி, ஃபிரிட்ஜ் உள்ள வீட்டுக்கும் வரும். அதற்குச் சொட்டு மருந்துதான் வழி. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் சேர்ந்து சோதித்த நம் நாட்டு மருந்தே இருக்கிறது.

இப்போது நம் ஃபிரிட்ஜுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போமா? முதலில், அது சமையலறையில் இருக்காது, கூடத்தில் இருக்கும், வருகிறவர் பார்க்க வேண்டுமே! மேலே பூப்போட்ட உறை, அதன்மேல் ஒரு பொம்மை, பக்கத்தில் ஸ்டெபிலைசர். திறந்தால் பெரிய தூக்கில் இட்லி மாவு. கதவு முழுக்கத் தண்ணீர் பாட்டில். பாலித்தீன் பையில் மல்லிகைச் சரம். பாதித் தேங்காய். முந்தாநாள் மீன்குழம்பு, அப்பாவுக்கு. கலர் பாட்டில், மாப்பிள்ளை வந்தால். பிள்ளையின் கிண்ணம் எங்கே? அடுப்பு மேடையில், வெளியே! "குளிர்ந்தது கொடுத்தா சளி பிடிக்கும் டாக்டர்." குளிரக் குளிரக் கொடுக்கவா சொன்னேன்? சமைத்த உடனே, பிள்ளைக்கு ஊட்டுவதற்கு முன்பே, பங்கை இரண்டாகப் பிரியுங்கள். எச்சில் படாத பங்கு சின்ன மூடிப் பாத்திரத்தில், ஆவி அடங்கியதும் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், கோடையில் ஒரு மணி நேரம். எடுத்தால் கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணி, ஆற்றி, ஊட்டுங்கள். சோறு என்றால் அன்றைக்கே முடித்துவிடுங்கள். பச்சை மீனும் கறியும் அடித்தட்டில், பிள்ளைச் சோறு மேல்தட்டில். கறித்தண்ணீர் சொட்டினால் கீழே சொட்டட்டும்.

அப்புறம் அந்த ராத்திரிப் பழக்கம். "ராத்திரி ஆஃப் பண்ணிடுவோம் டாக்டர், பில்லு ஏறுது." எத்தனை வீட்டில் இதைக் கேட்டிருக்கிறேன்! ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஆண்டுக்குத் தின்கிற கரண்ட் ஏறக்குறைய 150 முதல் 200 யூனிட். நட்சத்திரம் ஒட்டிய சீட்டிலேயே எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு இருபத்தைந்திலிருந்து முப்பத்துமூன்று யூனிட். 2016-லேயே வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் ஆனது. ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் போட்டால், ஏறிப்போன சூட்டை மறுபடி இறக்க அது மூச்சு வாங்கும். மிச்சம் சொற்பம். நடுவில் கெட்டுப்போவது பிள்ளையின் பால்.

கரண்ட் என்றதும் நம் மாவட்டத்தின் வேடிக்கை ஒன்று ஞாபகம் வருகிறது. தெற்கே பாதி நாட்டுக்கு வெளிச்சம் தருகிற நெய்வேலி நம் பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் 2012-ல் சென்னைக்கு வெளியே நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்வெட்டு. அதற்கு முந்தைய டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தது. முந்திரியும் பலாவும் விழுந்தன, கம்பங்கள் விழுந்தன, பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது ஃபிரிட்ஜ் என்ன செய்தது? துணி வைக்கிற அலமாரி ஆயிற்று! கதவைத் திறக்காமல் வைத்தால் ஒரு ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். அதற்குப் பிறகு அது வெறும் பெட்டி. வெறும் பெட்டியைவிட ஆபத்து, ஏனென்றால் நம்ப வைக்கும். ஃபிரிட்ஜ் இல்லாத தாய் எச்சரிக்கையாகப் புதிதாக வடிப்பாள். நின்றுபோன ஃபிரிட்ஜ் உள்ள தாய், "உள்ளேதானே இருந்தது" என்று எடுத்து ஊட்டிவிடுவாள். பிள்ளைக்கு வேண்டியது பெரிய குளிர் இல்லை, விட்டுப்போகாத குளிர்.

இதைச் சிலர் வேறு வழியில் தீர்க்கப் பார்த்தார்கள். இந்தியாவில் 1958-லேயே ஃபிரிட்ஜ் செய்யத் தொடங்கிய கோத்ரெஜ், பின்னாளில் ஏழை வீட்டுக்கென்றே சோட்டுகூல் என்று ஒரு பெட்டி கொண்டுவந்தது. கம்ப்ரசர் கிடையாது, கைப்பிடித்துத் தூக்கிப் போகலாம், பேட்டரியிலும் ஓடும். அருமையான யோசனை. ஆனால் எதிர்பார்த்த ஏழை வீடுகள் அதை வாங்கவில்லை. கொஞ்சம் சேர்த்துப் போட்டால் நிஜ ஃபிரிட்ஜே வாங்கலாமே, எனக்கு மட்டும் ஏன் அரை ஃபிரிட்ஜ் என்று மக்கள் கேட்டால், அதில் மானமும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. குஜராத்தில் மன்சுக்பாய் பிரஜாபதி என்ற குயவர் களிமண்ணிலேயே மிட்டிகூல் செய்தார். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் பானைக்குள் பானை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டுக் காய்கறியைக் காத்தார். கும்பிடத்தக்க மனிதர்கள். ஆனால் தண்ணீர் ஆவியாகிப் போனால்தான் பானை குளிரும், காற்று காய்ந்திருந்தால்தான் ஆவியாகும். சித்திரை மத்தியானத்தில் நம் பானை நன்றாகக் குளிரும். ஐப்பசி கார்த்திகையில், காற்றே பிழிந்தால் சொட்டும்போது, பானை என்ன செய்யும்? கத்தரிக்காயை வைக்கலாம். பிள்ளைச் சோற்றை வைக்க முடியாது.

அப்படியானால் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுத் தாய்க்கு என்ன சொல்வது? இரண்டு சொல்கிறேன். ஒன்று, சத்துமாவு. பாட்டிமார் பிள்ளைக்கென்று கண்டுபிடித்த ஒரே சேமிப்பு அதுதான். ராகியை முளைகட்டி, காயவைத்து, வறுத்து, அரைத்தால் வாரக்கணக்கில் கெடாது, ஈரம் இல்லையே! வேளைக்கு இரண்டு கரண்டி எடுத்துக் கொதிநீரில் காய்ச்சினால் ஐந்து நிமிஷத்தில் புதுக் கஞ்சி. முளைகட்டிய மாவு என்றால் கஞ்சி கெட்டியாகப் பிடிக்காது, ஆகவே நிறைய மாவு போடலாம், பிள்ளை விழுங்கும். அங்கன்வாடியில் கொடுக்கிற மாவை மாட்டுக்குக் கரைத்து வைக்கிற வீடுகள் இருக்கின்றன. பெயர் சொல்ல மாட்டேன், நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டாம்! இரண்டு, முட்டை. ஓட்டின்மேல் இயற்கையாக ஒரு மெல்லிய பூச்சு உண்டு. கழுவாமல் நிழலில் வைத்தால் பல நாள் தாங்கும். 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், பிறகு அதில் சேர்ந்த முட்டையும், 2022-ல் வந்த காலை உணவும் ஏன் வெற்றி பெற்றன? சுடச்சுடச் சமைத்து, சுடச்சுடப் பரிமாறி, அங்கேயே தீர்த்துவிடுகிறோம், ஃபிரிட்ஜுக்கு வேலையே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இது போதும். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை வேண்டுமே, அந்த நாலு வேளையும் வீட்டில்தானே?

நம் அரசுகள் 2006-க்குப் பின் தொலைக்காட்சி கொடுத்தன, 2011-க்குப் பின் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தன. கேலி பேசினார்கள். நான் கேலி பேச மாட்டேன். கிரைண்டர் ஒரு தாயின் தோள்வலியைக் குறைத்தது. ஆனால் பிள்ளையின் வயிற்றுக்கு நேராகப் போகிற பெட்டியை எந்தக் கட்சி அறிக்கையிலும் குழந்தை நலம் என்ற தலைப்பின்கீழ் நான் பார்த்ததில்லை. 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகையில் ஒரு தாய் ஃபிரிட்ஜுக்குத் தவணை கட்டினால் அதை வீண்செலவு என்று சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது. இலவசமாகக் கொடு என்று நான் கேட்கவில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டுக்குக் குறைந்த வட்டியில் சுய உதவிக் குழு வழியாகக் கடன் கொடுக்கலாமே என்கிறேன்.

கடைசியாக ஒன்று. இது சின்ன விஷயம், செலவும் அதிகம் இல்லை, இந்த ஊரே செய்யலாம்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்துகொண்டிருந்தான். முதல் வகை நீரிழிவு. தினம் இன்சுலின் போட்டால்தான் உயிர். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. மாதத்துக்கான மருந்தைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்கள். நல்ல மனிதர்கள், இடம் கொடுத்தார்கள். ஒரு முகூர்த்த நாளில் அவர்கள் கல்யாணத்துக்கு வெளியூர் போனார்கள், வீடு பூட்டிக் கிடந்தது. கையிலிருந்த குப்பி தீர்ந்தது. மூன்றாம் நாள் பையன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். பிழைத்துக்கொண்டான்.

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். திறந்த குப்பி நிழலில், பானையோரம், நாலு வாரம் தாக்குப்பிடிக்கும். கென்யாவில் தகஹலே அகதி முகாமில் பகலில் 37, இரவில் 25 டிகிரி என்று ஏறி இறங்குகிற வெப்பத்தை ஆய்வாளர்கள் பதிவு செய்து, ஆய்வகத்தில் அதே வெப்பத்தில் இன்சுலினை வைத்துப் பார்த்து, நாலு வாரம் அதன் வீரியம் குறையவில்லை என்று 2021-ல் எழுதினார்கள். ஆகவே திறந்த குப்பிக்குப் பயப்பட வேண்டாம். ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், உறைந்த இன்சுலின் வீண். ஆனால் மீதிக் குப்பிகளுக்கு ஒரு பொது இடம் வேண்டும். தடுப்பூசிப் பெட்டியில் வேறு பொருள் வைக்கக் கூடாது, விதி அப்படி, சரியான விதி. அதனால் துணை சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ தனியாக ஒரு சின்ன ஃபிரிட்ஜ். ஒரு தட்டு இன்சுலினுக்கு, பெயர் எழுதின டப்பாவில். ஒரு தட்டு, வேலைக்குப் போகிற தாய் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகிற தாய்ப்பாலுக்கு. உள்ளே ஒரு வெப்பமானி, பக்கத்தில் ஒரு நோட்டு, காலையும் மாலையும் எழுத ஒரு ஆள். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஒருவர் கல்யாணத்துக்குப் போனால் இன்னொருவர் ஊரில் இருப்பார்.

ஊராட்சித் தலைவர்கள் இரண்டு பேர் முன்வரிசையில் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் எழுந்து போவதற்குள், அந்த ஃபிரிட்ஜை எங்கே வைப்பது, கரண்ட் பில்லை யார் கட்டுவது என்ற இரண்டு கேள்வியிலிருந்து கலந்துரையாடலைத் தொடங்கலாம்.